அளவு ஜாக்கெட்டும் கொக்குச் சேலையும்

ஆலங்கரைல இன்னைக்கும் யாராவது வயித்த எக்கி மூச்ச இழுத்துப் பிடிச்சா, பக்கத்துல நிக்கிறவுக ஒருவாட்டி அண்ணாந்து வானத்தப் பாத்துக்கிருவாக. வெளியூர்க்காரவுகளுக்கு அது ஏன்னு தெரியாது, மழை வருதான்னு பாக்குறாகன்னு நெனச்சுக்கிருவாக. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் குருவம்மா மக மங்களேஸ்வரி ஆடித் தள்ளுபடியில ஒரு சேலை எடுத்ததுல ஆரம்பிச்சது.

மங்களேஸ்வரிங்கிறது பள்ளிக்கூடத்துப் பேரு, ஊருக்கு அவ மங்களா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துல ரத்தம் எடுக்கிற வேல. அந்தக் கை இருக்கே, அப்படி ஒரு கை. ஊசி உள்ள போனதும் தெரியாது, வெளிய வந்ததும் தெரியாது. ஊருக்கே சண்டியரான மண்டி ராசு, ஊசியப் பாத்தா மயங்கி விழுகிற ஆளு, அவ முன்னாடி மட்டும் பச்சப்புள்ள கணக்கா கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். அவ எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "மூச்ச விடுங்க. நல்லா விடுங்க. கைய இறுக்காதீக." ஊரு முழுக்க அவ சொல்லி மூச்சு விட்டிருக்கு. ஆனா அப்படிச் சொல்ற அவ, காலைல வீட்டுப் படி எறங்குனதுலருந்து சாயந்தரம் வந்து கதவச் சாத்துற வரைக்கும் தன்னோட மூச்ச வயித்துக்குள்ளயே பிடிச்சு வச்சிருப்பா.

ஏன்னா மங்களா நல்ல பெரிய உடம்பு. குண்டுன்னு சொல்ல நாக்கு கூசுறவுக வாட்டசாட்டம்பாக, கூசாதவுக நேரா குண்டும்பாக, ரெண்டு பேரும் சொல்லி முடிச்ச கையோட ஒரு யோசனையும் சொல்லிட்டுத்தான் போவாக. பெரிய பூப் போட்டது கட்டாத. மஞ்சள் பக்கமே போகாத. குறுக்குக் கோடு ஆகாது, நெடுக்குக் கோடு போடு. கை முட்டி வரைக்கும் வச்சுத் தை. துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்தி விரிச்சுப் போடு. இப்படிச் சொல்லிச் சொல்லி அவ பீரோவுல சேந்ததெல்லாம் கருநீலம், கரும்பச்சை, காப்பிக்கொட்டைக் கலரு. கதவத் தொறந்தா உள்ள அமாவாசை மாதிரி இருக்கும்.

அந்த அமாவாசைக்கு நடுவுல, அந்துருண்டை போட்டு, மஞ்சப் பையில சுத்தி, ரோஸ் கலர்ல ஒரு ஜாக்கெட்டு இருந்துச்சு. அதுதான் அளவு ஜாக்கெட்டு. மங்களா காலேஜுல சேந்தப்ப தச்சது. எந்த ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தாலும் குருவம்மா மகளக் கூட்டிட்டுப் போக மாட்டா, அந்த ரோஸ் ஜாக்கெட்டத்தான் தூக்கிட்டுப் போவா. டெய்லர் சிக்கந்தர் பாய் அத விரிச்சுப் பாத்துட்டுத் தலையச் சொறிவாரு.

"யக்கா, புள்ளைய நேர்ல வரச் சொல்லுங்களேன். டேப்பு வச்சு எடுத்துருவோம்."

"வேணாம் பாய். இதே அளவுல தைங்க. தீவாளிக்குள்ள இளைச்சிருவா."

தீவாளி போயிரும், பொங்கல் வந்துரும். பொங்கலுக்குள்ள இளைச்சிருவாம்பா. மத்த வீட்டுல வளர்ற புள்ளைக்கு, பின்னால பிரிச்சு விட உள்துணி நெறைய விட்டுத் தைங்கன்னு சொல்லுவாக. இவ மட்டும், இறுக்கமா இருந்தாத்தான் புள்ளைக்கு இளைக்கணும்னு தோணும்னு சொல்லி, உள்துணியே விடாமத் தைக்கச் சொல்லுவா. பாயும் தச்சுருவாரு. கொக்கிய மாட்டுறதுக்குள்ள மங்களாவுக்கு வேர்த்து ஊத்திரும். குருவம்மாவக் கெட்டவன்னு நெனச்சுராதீக. புருசன் போன பெறகு ரெண்டு புள்ளையையும் இட்லி அவிச்சு வித்து ஆளாக்குனவ. அவளுக்கு என்னமோ, அந்த ரோஸ் ஜாக்கெட்டுக்குள்ளதான் தன் மக இருக்கான்னும், வீட்டுல நடமாடுற இந்தப் பெரிய உடம்பு கொஞ்ச நாளைக்குத் தங்க வந்த விருந்தாளின்னும் ஒரு நெனப்பு. விருந்தாளி கெளம்புற வழியத்தான் காணோம்.

இப்படி இருக்கையில அந்த ஆடித் தள்ளுபடி வந்துச்சு. கடைல மலையாக் குவிச்சிருந்த சேலைக்கு அடியில, மாம்பழ மஞ்சள்ல ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. மங்களா இழுத்துப் பாத்தா, உடம்பு பூராம் வெள்ளைக் கொக்கு. சின்னக் கொக்கு இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு முழத்துக்குக் கொறையாது.

கடைப் பையன் பதறிட்டான். "யக்கா, அது ரொம்பப் பெரிய டிசைனு. ஒங்களுக்குச் சின்னப் பூவுல கரும்பச்சை காட்டவா?"

"ஏன், இந்தக் கொக்கு கடிக்குமா?"

"கடிக்காதுக்கா. ஆனா..."

"கடிக்காதுல்ல? பில்லப் போடு."

எப்படிச் சொன்னான்னு அவளுக்கே தெரியல. சேலைய எடுத்த கையோட, வீட்டுக்குப் போகாம, நேரா சிக்கந்தர் பாய் கடைக்குப் போயி நின்னா. தானா போயி நின்னது அதான் மொத தடவை.

"பாய், டேப்பு வச்சு அளவெடுங்க."

"அம்மா ஜாக்கெட்டு குடுத்து விடலையா?"

"நான்தான போடப் போறேன். என்னைய அளங்க. டேப்பு பத்துமா?"

"எனக்கு டேப்பு பத்தாதா? கல்யாணப் பந்தலுக்கே ஷாமியானா தச்சவன் நான், தங்கச்சி."

"அப்ப நான் என்ன ஷாமியானாவா?"

பாய் நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. மங்களா சிரிச்சுட்டா, பாயும் சிரிச்சுட்டாரு. அவரு பொண்டாட்டி நூர்ஜகான் உள்ளருந்து வந்து டேப்ப வாங்கி அளந்து ஒவ்வொரு எண்ணாச் சொல்ல, மங்களா அதெல்லாம் தன்னோடதுதான்னு மொத தடவையாக் கேட்டுக்கிட்டு நின்னா. தளிர்ப் பச்சைல ஜாக்கெட்டு. புஃப் கை. முதுகுல பானைக் கழுத்து, கயிறு வச்சு, கயித்து நுனியில மணி கோத்த குஞ்சம். பாய்க்கு உள்ளுக்குள்ள அம்புட்டு வித்தை இருந்தது ஊருக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அத உடுத்திக்கிட்டு, காதுல பெரிய ஜிமிக்கி ஆட, நெத்தியில வட்டப் பொட்டு வச்சு, மங்களா கடைவீதியில நடந்து வந்தா பாருங்க, பூக்காரம்மா தொடுத்துக்கிட்டிருந்த பூவ விட்டுட்டுப் பாத்தா, பாத்திரக் கடைக்காரரு தொடச்சுக்கிட்டிருந்த அண்டாவுல தன் மூஞ்சியப் பாக்குறத விட்டுட்டுப் பாத்தாரு, அவ நடைக்கு நடை குஞ்சம் ஆட, குஞ்சம் ஆட ஆட கொக்கெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி லேசா அசைய, ஏதோ நம்ம ஊருக் கண்மாயே கரைய ஒடச்சுக்கிட்டு வீதியில நடந்து வர்றாப்புல இருந்துச்சு.

பஸ் ஸ்டாப்புல ராக்கம்மா அத்தை நின்னுக்கிட்டிருந்தா. மங்களா அப்பாவோட கூடப் பொறந்தவ. அந்தக் காலத்துல ஒரு போட்டோ எடுக்கையில ஒல்லியாத் தெரியணும்னு மூச்சப் பிடிச்சு, போட்டோக்காரரு கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டவரு வெளிய வர நேரமாகி, இவ மயங்கி விழுந்து, இன்னைக்கும் அந்தப் போட்டோவுல எல்லாரும் உக்காந்திருக்க இவ காலு மட்டும் தெரியும். அதுலருந்தும் புத்தி வரல.

"அடியே, எம்புட்டுப் பெரிய கொக்குடி! ஊரே பாக்குது. வயித்த எக்குடி, வயித்த எக்கு!"

பழகுன உடம்பு. அத்தை சொன்னதும் தன்னால எக்கிருச்சு.

முந்தானைல நின்ன பெரிய கொக்கு கழுத்த நீட்டுச்சு. ஒரு கால மடக்குச்சு. அப்புறம் நெருக்கடியான பஸ்ஸுலருந்து எறங்குற ஆளு மாதிரி தோளக் குலுக்கி, றெக்கைய விரிச்சு, எந்திரிச்சுப் போயிருச்சு. அது பின்னாடியே மடிப்புல ஒடுங்கி நின்னது, இடுப்புல நின்னது, கரண்டைக்கால் பக்கம் மீனத் தேடிக் குனிஞ்சு நின்னது எல்லாம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு, டீக்கடைக்கு மேல ஒரு வட்டம் போட்டு, கண்மாயப் பாத்துப் போயிருச்சுக. மங்களா வெறும் மஞ்சச் சேலையோட நின்னா.

"கொக்கு தாழப் பறக்குது, சாயந்தரம் மழைதான்"னு டீ மாஸ்டர் சொல்லிட்டு அடுத்த டீய ஆத்துனாரு. கண்டக்டரு படியிலருந்து எட்டிப் பாத்து, "யக்கா, அதுக திரும்பி வருமா, இல்ல வண்டிய எடுக்கவா?"ன்னு கேட்டாரு. அத்தைக்கு ஒரே திருப்தி. "பாத்தியா, எக்குனதும் எம்புட்டு எடுப்பா இருக்கு! கொக்கு இல்லாட்டியும் சேலை நல்லாத்தேன் இருக்கு."

மங்களா வேலைக்கு வந்து, மொதல்ல வந்த கெழவருகிட்ட, "மூச்ச விடுங்க தாத்தா"ன்னா. சொன்னதோட, என்ன தோணுச்சோ, தானும் ஒரு மூச்சு விட்டா. வயிறு தன் எடத்துக்கு வந்துச்சு. ஜன்னல் வழியாக் கொக்கெல்லாம் வரிசையா வந்து, அதது நின்ன எடத்துலயே நின்னுக்கிருச்சு. காலெல்லாம் கண்மாச் சேறு. ஒண்ணோட வாயில மீனு இன்னும் துடிச்சுக்கிட்டிருந்துச்சு. கெழவரு, "அயிரை. நல்ல அயிரை"ன்னாரு. ரத்தம் எடுத்துட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் ஊருக்கு அது பழகிப் போச்சு. பெரிய உடம்பப் பழகுறதுக்கு அத்தனை வருசம் திணறுன ஊரு, பறந்து போயித் திரும்பி வர்ற கொக்க ஒரே வாரத்துல பழகிக்கிருச்சு. இஸ்திரிக்காரரு மட்டும் கொஞ்ச நாள் அலுத்துக்கிட்டாரு. "பெட்டியக் கொண்டு போனா ஒவ்வொண்ணாக் காலத் தூக்கிக்கிருது, மடிப்பு விழுக மாட்டேங்குது"ன்னாரு. அப்புறம் அவரே ஒரு ஈரத்துணியப் போட்டு, அதுக அசந்திருக்கையில தேய்க்கப் பழகிட்டாரு. குருவம்மா சேலையத் துவைக்கையில சோப்பு கண்ணுல பட்டுறாம துவைச்சா. மேலத்தெரு எதுத்த வீட்டுக்காரி, "ஒங்க சேலை எங்க மாடி வத்தல்ல எச்சம் போட்டுருச்சு"ன்னு சண்டைக்கு வந்தா. வயக்காட்டுக்காரவுக, "பயிருல பூச்சி விழுந்திருக்கு, மங்களாவ வரப்புல வந்து நின்னு கொஞ்சம் எக்கிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னு ஆள் விட்டாக. கொக்கு பறந்தா நகத்த நீட்டிப் பூ கேக்கும்ல புள்ளைக, அதுக பறக்குற வரைக்கும் காத்திருக்காம, நேரா மங்களா முன்னாடி வந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னுச்சுக. மறுநா பாத்தா நகத்துல வெள்ளை வெள்ளையாப் பூ விழுந்திருக்கும்.

இதுல ஒரு நாளு, பேங்க்கு வரிசையில யாரோ, "கொஞ்சம் ஒதுங்குங்க, ரெண்டாளு எடத்த அடைக்கிறீக"ன்னு சொல்ல, மங்களா எக்க, கொக்கெல்லாம் கெளம்பிருச்சு. ஒண்ணு மட்டும் கண்மாய்க்குப் போகல. பின்னாடி தவமணி டீச்சரு நின்னாக, அவுகளும் நல்ல சரீரம், கட்டுறதெல்லாம் சாம்பக் கலரு, ரிட்டையர் ஆகுற வரைக்கும் பிள்ளைகளுக்குப் பயந்தே சிரிக்காதவுக. அன்னைக்கு என்னமோ ஞாபகம் வந்து வயிறு குலுங்கச் சிரிச்சுட்டாக. அந்தக் கொக்கு நேரா அவுக தோள்ல எறங்கி, சாம்பக் கலருச் சேலையில ஒட்டிக்கிருச்சு. ரெண்டு நாளு அங்கதான் இருந்துச்சு. டீச்சரு அந்தச் சேலைய அவுக்கவே இல்ல. கொக்கு போன பெறகு, கடைக்குப் போயி செவப்புல ஒண்ணு, கத்திரிப்பூவுல ஒண்ணுன்னு எடுத்துட்டு வந்துட்டாக.

ஊருக்கு வெசயம் புரிஞ்சுபோச்சு. அந்தக் கொக்குக ஆளு குண்டா ஒல்லியான்னு பாக்கல, நெறமும் பாக்கல, நிக்க எடம் இருக்கான்னுதான் பாக்குதுக. மூச்சு விடுற உடம்புலதான் அதுக்கு எடம். சிக்கந்தர் பாய் கடையில தைக்கக் குடுக்குறவுக கொறஞ்சு, தையலப் பிரிச்சு விடக் குடுக்குறவுக வரிசையில நின்னாக. உள்துணி இல்லாத ஜாக்கெட்டுக்கெல்லாம் கக்கத்துல பட்டை வச்சுக் குடுத்தாரு. மண்டி ராசு கூட சட்டைய லூசாத் தச்சுக்கிட்டான், ஆனா அவன் மேல ஒரு காக்கா கூட உக்காரல.

குருவம்மா மட்டும் அந்த ரோஸ் ஜாக்கெட்ட அந்துருண்டை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டுத்தான் இருந்தா.

அப்பத்தான் கார்மேகத்துக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. கார்மேகம் மங்களாவுக்கு அண்ணன். தங்கமான பையன், ஒரே ஒரு கொறை, அவனுக்கு முடிச்சுப் போட வராது. பள்ளிக்கூடத்து ஷூவுக்கு லேசு கட்டுனா வாசலத் தாண்டுறதுக்குள்ள அவுந்துரும். பட்டத்துக்குக் கட்டுனா பட்டம் தனியாப் போயிரும். அவனவிடச் சின்னவ மங்களாதான் தெனமும் குனிஞ்சு அவனுக்கு லேசு கட்டி விடுவா. "அண்ணே, ஒன் கல்யாணத்துல தாலிய நீ சும்மா புடிச்சுக்க, முடிச்ச நான் பாத்துக்கிறேன்"ம்பா. வெளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனா மொத முடிச்சு மாப்ள போட்டா மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனா போடுறதுதான வழக்கம். பொண்ணுக்குப் பின்னாடி வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னு, அப்புறம் முடிச்சுப் போடணும். அவ வாழ்க்கையில பெருசா ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்.

பொண்ணு பேரு ஜெயரூபா. கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாக்க அவள மங்களாகிட்டயே கூட்டி வந்தாக. நூலாட்டம் பொண்ணு. ஊசியப் பாத்ததும் வெளுத்துப் போயி மூச்சப் பிடிச்சுக்கிட்டா.

"மூச்ச விடுங்க மதினி. நல்லா விடுங்க."

அவ விட்டா. ஊசி போயிட்டு வந்துருச்சு. மடியில நின்ன கொக்கு கழுத்தச் சாய்ச்சு அவளப் பாத்துச்சு.

"என்னைய எல்லாரும் உடம்பு போடச் சொல்றாக"ன்னா ஜெயரூபா. "ஜாக்கெட்டுக்குள்ள துணி வச்சுத் தைக்கிறாக. பாவாடை மூணு கட்டணுமாம்."

"என்னைய எல்லாரும் இளைக்கச் சொல்றாக."

ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாக. போகையில, "கல்யாணத்துக்கும் இதே சேலைதான கட்டுவீக?"ன்னு கேட்டுட்டுப் போனா.

அன்னைக்குச் சாயந்தரமே ராக்கம்மா அத்தை வீட்டுக்கு வந்து உக்காந்துட்டா. "இங்க பாரு குருவம்மா, மூக்குல சளி மாதிரி உள்ள நிக்க மாட்டேங்குது, சொல்லாம இருக்க முடியல. நாத்தனா வெளக்கு என் மக ஹர்ஷினி பிடிக்கட்டும். முறைக்கு அவளும் தங்கச்சிதேன... சரி, தங்கச்சி இல்ல, ஏதோ ஒரு முறை. வீடியோவுல பொண்ணுக்குப் பின்னாடி மங்களா நின்னா பொண்ணு எங்க தெரியும், பொண்ணச் சுத்தி மங்களாதேன் தெரிவா. அதுலயும் கொக்கு வேற. ஓமப் பொகையில கொக்கு கெளம்பி தாலித்தட்டுல எச்சம் போட்டா யாரு பதில் சொல்றது?"

"முடிச்சுன்னா அது மங்களா போட்டாத்தான் நிக்கும்"னு கார்மேகம் ஆரம்பிச்சான். குருவம்மா ஒரு பார்வ பாத்தா. அப்படியே உக்காந்துட்டான். அவன் பேச்சும் அவன் போடுற முடிச்சு மாதிரிதான், யாராவது லேசா இழுத்தா அவுந்துரும்.

மங்களா அடுப்படியில நின்னு எல்லாம் கேட்டா. அத்தை போனதும் குருவம்மா உள்ள வந்தா.

"வெளக்கு ஒனக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா அந்தச் சேலை வேணாம். கருநீலப் பட்டு எடுத்திருக்கேன். ஜாக்கெட்டும் குடுத்துட்டேன்."

"எந்த அளவுல?"

குருவம்மா பீரோ இருக்கிற பக்கமாத் திரும்பிப் பாத்தா. சொல்ல வேண்டியதும் இல்ல.

"ஒரு நாளைக்குடி. அந்த ஒரு நாளு மட்டும் எனக்காக எக்கிக்க."

"ஒரு நாளா? நான் வயசுக்கு வந்த நாள்லருந்து எக்கிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

குருவம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஒன்னையப் பாத்து நாலு பேரு சிரிச்சா எனக்குத் தாங்காதுடி. நீ தாங்கிருவ. எனக்குத் தாங்காது."

அம்மா அழுகுறதப் பாத்து மங்களா சரின்னுட்டா. வெளக்கு கையில வந்தாப் போதும், முடிச்சு ரெண்டு போட்டாப் போதும்னு நெனச்சுக்கிட்டா.

கல்யாணத்தன்னைக்குக் காலைல கொக்குச் சேலை பீரோவுக்குள்ள இருந்துச்சு. கருநீலப் பட்டக் கட்டி, அந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட ரெண்டு பேரு இழுத்துப் பிடிக்க, மங்களா மூச்ச எவ்வளவு உள்ள இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தா. பீரோவுக்குள்ள சலசலன்னு சத்தம். குருவம்மா கதவத் தொறந்ததும் கொக்கெல்லாம் அவ காதோரமாப் பறந்து வெளிய போயிருச்சுக. மடிச்ச சேலை வெறும் மஞ்சளாக் கெடந்துச்சு. குருவம்மா கதவச் சாத்திட்டா.

மண்டபத்துக்குப் போயிப் பாத்தா, கொக்கெல்லாம் ஜெனரேட்டர் வண்டி மேல வரிசையா உக்காந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரவுக, "மாப்ள வீட்டுக் கொக்கு, ஒண்ணும் பண்ணாதீக"ன்னு புள்ளைகள அதட்டிக்கிட்டிருந்தாக. சமையக்காரரு ஒரு தட்டுல தண்ணி கூட வச்சிருந்தாரு.

முகூர்த்த நேரம். பொண்ணுக்குப் பின்னாடி வெளக்கப் பிடிச்சு மங்களா நின்னா. வீடியோக்காரரு, "நாத்தனாக்கா, இன்னும் கொஞ்சம் ஒதுங்குங்க, இன்னும் கொஞ்சம்"னு கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அவ ஒதுங்கி ஒதுங்கித் தூண்ல முட்டிட்டா. கையச் சுத்தி ஜாக்கெட்டு இறுக்கி வெரலெல்லாம் மரத்துப் போச்சு. ஓமப் பொகைக்குள்ள அவளுக்கு முன்னாடி ஜெயரூபாவோட கழுத்து தெரிஞ்சுச்சு, மெலிசுக் கழுத்து, உள்ள வச்சுத் தச்ச துணியும் மூணு பாவாடையும் ஒட்டியாணமும் சேந்து நெருக்க, வேர்த்து, லேசா ஆடிக்கிட்டிருந்துச்சு. அவளும் மூச்சப் பிடிச்சுக்கிட்டிருக்கான்னு, அத்தனை பேருல மங்களாவுக்கு மட்டுந்தான் தெரிஞ்சது.

கெட்டிமேளம், கெட்டிமேளம்னு ஐயரு கையத் தூக்குனாரு. மேளமும் நாயனமும் மண்டபத்தத் தூக்குச்சு. கார்மேகம் தாலியக் கட்டுனான், முடிச்சப் போட்டான், போட்டுட்டுத் தங்கச்சியப் பாத்தான். சின்ன வயசுல ஷூவ நீட்டிக்கிட்டுப் பாப்பான்ல, அந்தப் பார்வ. முடிச்சு கண்ணு முன்னாடியே நழுவிக்கிட்டிருந்துச்சு.

மங்களா வெளக்கப் பக்கத்துல நின்ன ஹர்ஷினிகிட்டக் குடுத்துட்டுக் கையத் தூக்குனா. கை தூக்க வரல. தோளோட கை நின்னுருச்சு. அந்த ஜாக்கெட்டுக்கு, காலேஜுல சேந்த ஒரு புள்ளையோட கை எம்புட்டு நீளுமோ அம்புட்டுத்தான் தெரியும். ஜெயரூபா முன்னாடி சாயப் போனா.

கீழ மொத வரிசையில அம்மா நிக்கிறத மங்களா பாத்தா. நாலு பேரு இல்ல, நானூறு பேரு பாக்குறாகன்னும் தெரிஞ்சது. மூச்ச விட்டா என்ன ஆகும்னும் தெரிஞ்சது. தெரிஞ்சேதான் குனிஞ்சு பொண்ணு காதுகிட்டச் சொன்னா.

"மூச்ச விடுங்க மதினி. நல்லா விடுங்க. நானும் விடுறேன்."

விட்டா. எத்தனை வருச மூச்சோ, அத்தனையும் விட்டா. ஜாக்கெட்டு கக்கத்துலருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போச்சு. கெட்டிமேளமே ஆகாத சத்தம் எதுவும் காதுல விழுகக் கூடாதுன்னுதான அடிக்கிறது, அந்தத் தையல் கிழிஞ்ச சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல. கேக்குறதுக்குள்ள மண்டபத்து ஜன்னல் எல்லாத்துலயும் வெள்ளையா வந்துருச்சு. ஒண்ணு தோள்ல எறங்குச்சு, ஒண்ணு இடுப்புல, கிழிஞ்ச எடம் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் றெக்கைய விரிச்சு ஒண்ணு ஒட்டிக்கிருச்சு, கருநீலப் பட்டு பூராம் வெள்ளை வெளேர்னு, சாயந்தரக் கண்மாய் மாதிரி ஆகிப்போச்சு. மங்களா கைய நல்லாத் தூக்கி, அண்ணன் போட்ட முடிச்ச வெரலால அமுக்கிப் பிடிச்சு, அது மேல ஒண்ணு, அது மேல இன்னொண்ணு போட்டு இறுக்குனா. ஜெயரூபா பெருமூச்சு விட்டு நிமிந்தா. கடைசியா வந்த சின்னக் கொக்கு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அவ கூறைச் சேலையோட முந்தானைல போயி நின்னுக்கிருச்சு.

எச்சம் விழுந்தது உண்மதான். ஆனா தாலித்தட்டுல இல்ல, ராக்கம்மா அத்தை தோள்ல. அத்தை அலறுனா. ஐயரு திரும்பிப் பாத்துட்டு, "அட்சதை மாதிரி நெனச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு மந்திரத்தத் தொடர்ந்தாரு.

முடிச்சுப் போடையில எடுத்த படம் இப்பவும் கார்மேகம் வீட்டுக் கூடத்துல தொங்குது. வீடியோக்காரரு மாத்தி வேற படம் தர்றேன்னாரு, ஜெயரூபாதான் இதுவே இருக்கட்டும்னுட்டா. அதுல பாதிக்கு மேல மங்களாதான். பொண்ணு நல்லாத் தெரியுறா, மாப்ளதான் தெரியல.

குருவம்மா மக கூட கொஞ்ச நாள் சரியாப் பேசல. கோவமும் இல்ல. பேசுனா என்ன வந்துருமோன்னு இருந்திருப்பா. நாலு பேரு சிரிப்பாகன்னு இருந்தா, அவ காதுல விழுந்ததெல்லாம், ஒங்க மகளுக்கு ஜாக்கெட்டு எங்க தச்சீகன்னுதான். ஒரு நாளு அடுப்புல பால் பொங்கி வர, கைக்குத் துணி அகப்படல. பீரோவத் தொறந்து, மஞ்சப் பையிலருந்து அந்த ரோஸ் ஜாக்கெட்ட உருவி, ரெண்டா மடிச்சுச் சட்டியப் பிடிச்சு எறக்கிட்டா. எறக்கி வச்சுட்டு அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அத அடுப்படி ஆணியில மாட்டிட்டா. நல்ல கனமான துணி, சூடு தெரியாது. இப்பவும் அதான் அவ கைப்பிடித் துணி.

மறுநாக் காலைல மங்களா கொக்குச் சேலையக் கட்டி, ஜிமிக்கி போட்டு, தலை வாரிக்கிட்டிருந்தா. குருவம்மா பூவெடுத்துட்டு வந்து வச்சு விட்டா. வச்சு விட்டவ போகல. பின்னாடியே நின்னா. ஏதோ கேக்க வந்த மாதிரி நின்னவ, மக கண்ணாடியப் பாத்துக்கிட்டிருக்கா, தன்னையப் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு, இட்லித் தட்டுச் சூட்டுல காச்சுப் போன ரெண்டு கையையும், நகம் மேல பாக்க, கொக்குக முன்னாடி மெதுவா நீட்டுனா.

மங்களா கண்ணாடியிலயே எல்லாம் பாத்தா. திரும்பல. நல்லா ஒரு மூச்சு விட்டு, அசையாம நின்னுக்கிட்டா.